இடப்பக்கம் யார்

ஒரு கை கிளிப்பின் வாயைப் பிரித்துப் பிடித்திருந்தது. மற்றொரு கை உப்புத்தாளால் அதன் முதுகைத் தேய்த்தது. துணி காயப்போடும் சாதாரண மரக் கிளிப்தான். கடையிலிருந்து வரும்போதே வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே எழுதினால் மை மரத்தின் நார் வழியே ஓடி, ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைத்துவிடும். அதனால் முதலில் தேய்ப்பு, பிறகு தண்ணீர் கலந்த பசை ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகுதான் பேனா. கை எழுதியது: ரோவீனா. எழுதிய கிளிப்பை ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து அதிலும் ரோவீனா என்றே எழுதியது. பன்னிரண்டு கயிறுகளுக்கும் ஒவ்வொரு ரோவீனா வேண்டும். மூன்றாவதில் முதல் எழுத்து சற்றே சாய்ந்துவிட்டது. அந்தக் கிளிப் குப்பைக் கூடைக்குப் போனது.

காபி ஊற்றிக்கொள்ள வந்த கணவன் ரெய்னோ அதைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தான். "இது கோணலா இருக்குன்னு யாரு பாக்கப்போறா?"

"அந்தம்மா பாப்பாங்க" என்றாள் டோரீன் கங்காஸ், தலை நிமிராமல்.

இஷ்பெமிங் ஊரில் டோரீனைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். விளையாட்டு சொல்லித் தருகிறாள் என்பார்கள். பெட்டி ஒட்டித் தபாலில் அனுப்புகிறாள் என்பார்கள். கம்ப்யூட்டரில் ஊராரைச் சிரிக்க வைத்துக் காசு வாங்குகிறாள் என்பான் ரெய்னோ. மூன்றுமே உண்மைதான். வகுப்புகளுக்கும், ஒரே இடத்தில் உட்காராமல் அவரவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் குழுக்களுக்கும் அவள் கூட்டு விளையாட்டுகள் செய்து தந்தாள்.

அவளுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பதினேழு வயதில் சுப்பீரியர் ஏரிக்கரையில் நடந்த பெண் பிள்ளைகளின் கோடை முகாமில் வேலைக்குப் போனாள். போய்ச் சேர்ந்த வாரம் முழுக்க மழை. தகரக் கூரைக் கொட்டகைக்குள் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே அவளுக்கு முன்பு வேலை பார்த்தவர்கள் வாய்வழியாக விட்டுப்போன விளையாட்டுகள் நிறைய இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஆடவிட்டு, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் சாகிறது என்று பார்த்தாள். வரிசை நீளமானால் செத்தது. தோற்றவர்களை ஓரத்தில் உட்கார வைத்தால் செத்தது. விதியை இரண்டாம் முறை சொல்ல வேண்டி வந்தால் பிறக்கும் முன்பே செத்தது. சாகும் இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்டினாள். அந்த வாரம் பிடித்த பழக்கம் பிறகு விடவேயில்லை. தொடக்கப்பள்ளி ஒன்றில் இடைவேளைக் கண்காணிப்பாளராக இருந்த இருபது வருடமும், ஆடும் பிள்ளைகளை விடச் சுவரோரம் நிற்கும் பிள்ளையைத்தான் அவள் கவனித்தாள். அந்தப் பிள்ளை எந்த ஆட்டத்துக்குச் சுவரை விட்டு வருகிறதோ அது நல்ல ஆட்டம். வேறு அளவுகோல் அவளிடம் இல்லை.

தொற்றுநோயால் பள்ளிகள் கம்ப்யூட்டர் திரைக்குப் போன காலத்தில் ஆசிரியர்கள் அவளைத் தேடி வந்தார்கள். ஆசிரியர்கள் வழியாக அலுவலகங்கள் வந்தன. அவளுடைய ஆட்டங்களில் அதிகம் ஓடியது கல் ஆட்டம். முகாமில் வட்டமாக உட்கார்ந்து ஆடியது. கையில் கல் இருப்பவர் அன்று நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு இடப்பக்கம் இருப்பவரிடம் கல்லைக் கொடுப்பார். திரைக்காக அவள் செய்த மாற்றம் சின்னதுதான்: ஏரிக்கரையில் பொறுக்கிய கல்லை ஆளுக்கு ஒன்றாகத் தபாலில் அனுப்பினாள். திரையில் தனக்கு இடப்பக்கக் கட்டத்தில் இருப்பவரை நோக்கிக் கல்லை நீட்ட வேண்டும். அவர் தன் கல்லை எடுத்துக்கொள்வார். எத்தனையோ குழுக்களுக்கு அவளே கூட இருந்து நடத்தியிருக்கிறாள். ஒருமுறையும் பிசகியதில்லை.

அந்த வசந்தத்தில் மார்லிஸ் என்ற தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு நர்ஸ்கள். நோயாளிகளின் போனுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்பவர்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. டூட்டி மாறும்போது முடியாத கேஸ்களை அடுத்தவரிடம் ஒப்படைப்பதோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் பழக்கம் வந்தால் தேவலை என்றாள் மார்லிஸ். டோரீன் கற்களை அனுப்பினாள். ஆட்ட நாளன்று அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. விதியை அட்டையில் எழுதி அனுப்பி, நீங்களே நடத்துங்கள் என்று மார்லிஸிடம் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மார்லிஸிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. ஆட்டம் கலகலப்பாகத்தான் போனதாம். கல் பெரும்பாலும் நாலைந்து பேருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததாம். அதுவே பெரிய சிரிப்பாகிவிட்டதாம். எஸ்கனாபாவில் இருக்கும் ரோவீனா என்ற நர்ஸிடம் மட்டும் கடைசிவரை வரவேயில்லை. அவள் தன் கல்லைக் கையில் பிடித்தபடியே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை, இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

"ஆட்டத்துக்காக இல்லைங்கறாங்க. ஆனா ஆட்டத்துல தெரிஞ்சிருச்சுங்கறாங்க" என்றாள் மார்லிஸ். "இருக்கறதுலயே நல்ல நர்ஸ் அவங்க. எங்க தப்பு பண்ணினேன், சொல்லுங்க."

டோரீனுக்குச் சுருக்கென்றது. தன்னிடம் ஒருமுறையும் இப்படி ஆனதில்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். அட்டையில் எழுதியிருந்த விதியை மறுபடி படித்தாள். ஒரு குற்றமும் தெரியவில்லை. கடைசியில் முகாமில் செய்ததையே செய்தாள்: ஆடவிட்டுப் பார்த்தாள். ரெய்னோவைச் சமையலறையில் லேப்டாப்போடு உட்கார வைத்து, தன் தங்கையையும் பள்ளியில் கூட வேலை பார்த்த இரண்டு பேரையும் திரைக்கு அழைத்தாள். இந்த முறை தான் வாயே திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். ரெய்னோ, நீராவிக் குளியலுக்கான சவுனா அடுப்புக்கு விறகு போதவில்லை என்ற தன் அன்றைய செய்தியைச் சொல்லிவிட்டுக் கல்லை நீட்டினான். இரண்டு பேர் ஒரே சமயத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

"உனக்கு இடப்பக்கம் நான்தானே இருக்கேன்?" என்று டோரீன் தன் அறையிலிருந்தே கேட்டாள்.

"எனக்கு இடப்பக்கம் உன் தங்கச்சி. நீ எங்கேயோ மூலையில கிடக்கறே" என்றான் ரெய்னோ சமையலறையிலிருந்து.

அவள் எழுந்து போய் அவன் திரையைப் பார்த்தாள். அதே ஐந்து முகங்கள், வேறு வரிசை. இத்தனை வருடத்தில் அவள் இன்னொருவர் திரையைப் பார்த்ததேயில்லை. ஒவ்வொருவர் திரையிலும் கட்டங்கள் ஒவ்வொரு விதமாக அடுக்கப்படுகின்றன. ஆளுக்கொரு இடம், ஆளுக்கொரு வலம். இடது ஓரத்துக் கட்டத்தில் இருப்பவருக்கோ இடப்பக்கமே கிடையாது. தான் கூட இருந்தபோதெல்லாம் தன்னை அறியாமலே, 'அடுத்து நீங்கதான்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். ஆட்டம் ஓடியதெல்லாம் அவள் வாயால். அவள் இல்லாத இடத்தில் அது வட்டமே இல்லை.

"முப்பது பொட்டி இதே மாதிரி வித்திருக்கே" என்றான் ரெய்னோ.

"அவங்களுக்கும் சொல்லணும்" என்றாள்.

மற்றவர்களுக்குச் சொல்வது பிறகு. மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது. வரிசையைத் திரையில் நம்பக் கூடாது, கையில் கொடுக்க வேண்டும் என்பதுவரை அவளுக்குச் சீக்கிரமே தெளிந்துவிட்டது. அதனால்தான் கயிறும் கிளிப்பும். ஒவ்வொருவர் மேசையருகிலும் ஒரு கயிறு; அதில் பன்னிரண்டு பெயரும் ஒரே வரிசையில். ஒருவர் பேசி முடித்ததும் எல்லோரும் அவர் கிளிப்பைக் கழற்றித் தகர டப்பாவில் போட வேண்டும். கயிற்றில் மிச்சம் இருப்பவர் யார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மாதிரிக்கு ஒரு கயிறு செய்ததும் அதை எடுத்துக்கொண்டு எஸ்கனாபாவுக்கே காரில் போனாள். வரலாமா என்று போனில் கேட்டபோது, பார்ப்பதற்கு வேண்டுமானால் வாருங்கள், ஆடுவதற்கு இல்லை என்று ரோவீனா கறாராகச் சொல்லியிருந்தாள்.

ரோவீனா ஐம்பது வயதுக்காரி. குட்டை முடி, காதோரம் இன்னும் ஹெட்போன் அழுத்திய தடம். சமையலறை மேசையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட சூடான பாஸ்டி இரண்டை வைத்துவிட்டுக் கயிற்றை வாங்கிப் பார்த்தாள். டோரீன் பூசி மெழுகவில்லை. தப்பு உங்கள் கூட்டாளிகளுடையது இல்லை, என் விதியினுடையது என்று, இரண்டு திரைகளின் கதையை அப்படியே சொன்னாள்.

ரோவீனா பாஸ்டியைப் பிட்டபடி கேட்டாள். "சரி, விதி தப்பு. பதினோரு பேரு இருந்தாங்களே, நான் பேசலேன்னு ஒருத்தருக்காவது தோணிச்சா?"

தோன்றவில்லை என்றுதான் டோரீன் சொன்னாள்.

ரோவீனா அந்தப் பதிலை மறுக்கவில்லை. கயிற்றை மேசை மேல் நீட்டி வைத்து, நோயாளியின் சீட்டைப் பார்ப்பது போல ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வரிசைப்படின்னா, என் முறை முடிஞ்சதும் நான் காபி போடப் போயிடுவேன். எல்லாரும் அப்படித்தான் போவாங்க."

அப்படியானால் வரிசை வேண்டாம், பேசியவரே அடுத்த கிளிப்பைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றாள் டோரீன்.

"அப்ப கயித்துல கடைசியா நான்தான் தொங்குவேன். முன்னாடி மறந்துட்டாங்கன்னாவது சொல்லலாம். இதுல வேணாம்னு விட்டதா ஆயிடும்."

இரண்டும் சரியாகப் பட்டது டோரீனுக்கு. வரிசையாகப் போனால் தூங்கும். தேர்ந்தெடுக்க விட்டால் கொட்டும். முகாமில் என்றால் இந்த ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்திருப்பாள். அவள் கயிற்றைச் சுருட்டப் போனபோது, டூட்டி மாறும்போது நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தாள்.

ஆஸ்பத்திரி வார்டில் இருந்த காலத்தில் ஒரு வழக்கம் உண்டு என்றாள் ரோவீனா. கேஸை ஒப்படைப்பவர் சொல்லி முடித்ததும், வாங்கிக்கொள்பவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள், மகள் வந்து பார்த்தாளா, ஏதாவது ஒன்று. "கேள்வி வரலேன்னா நாங்க வீட்டுக்குப் போக மாட்டோம். கேக்காதவ கேஸை வாங்கலேன்னு அர்த்தம். போன்ல வந்தப்புறம் அது போயிடுச்சு. சரி, சரின்னு வச்சிடறாங்க."

டோரீன் சுருட்டிய கயிற்றை மறுபடி பிரித்தாள். வரிசை வரிசையாகவே இருக்கட்டும். ஆனால் தன் முறை வந்தவர், தன் கதையைச் சொல்லும் முன்பு டப்பாவுக்குள் கைவிட்டு, ஏற்கெனவே பேசியவர்களில் ஒருவர் கிளிப்பை எடுத்து, அவர் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். பேசி முடித்தவரும் காபி போடப் போக முடியாது. யாரும் கயிற்றில் மிஞ்சவும் முடியாது. கேள்வி கேட்க வேண்டுமானால் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். இருவரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து, பன்னிரண்டு பேருக்கும் மாறி மாறிப் பேசி ஒரு சுற்று ஆடிப் பார்த்தார்கள். மார்லிஸின் முறை வந்தபோது ரோவீனா அவளைப் போலவே பெருமூச்சு விட்டுப் பேசினாள். இரண்டு இடத்தில் விதி தடுக்கியது. முதலில் பேசுபவருக்கு டப்பாவில் கிளிப் இருக்காது; கடைசியில் பேசுபவரைக் கேட்க ஆள் இருக்காது. அதனால் முதலாமவர் கடைசி ஆளிடம் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உப்புத்தாளும் பசையும் பேனாவும். ஒரு வாரம் அந்த வேலைதான். மாதத்தின் கடைசிக் கூட்டத்துக்கு முந்தின நாள், இரண்டு ஊருக்கும் நடுவில் நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடையின் வாசலில் டோரீனும் ரோவீனாவும் சந்தித்தார்கள். பதினொரு உறைகளில் பதினொரு கயிறு ஏற்கெனவே தபாலில் போய்விட்டது. பன்னிரண்டாவதை டோரீன் ஒரு பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள். விதி அட்டையில் 'நடத்துபவர்' என்ற இடத்தில் மார்லிஸைக் கேட்டுக்கொண்டு ரோவீனாவின் பெயரை எழுதியிருந்தாள். அதை ரோவீனா பார்த்தாள். நாளைக்கு நீங்களும் திரையில் இருப்பீர்கள்தானே என்று மட்டும் கேட்டாள்.

"வரமாட்டேன். நான் இருந்தா அது தானா ஓடுதா, நான் ஓட்டறேனான்னு எனக்கே தெரியாது."

ரோவீனா காரின் முன்மூடி மேல் கயிற்றை நீட்டினாள். எல்லாப் பெயரும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருந்தன. தன் பெயர் இருந்த கிளிப்பை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தாள். கயிற்றைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, டோரீனிடமே நீட்டினாள். டோரீன் என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒருத்தர் வரலேன்னா அவங்க கிளிப்பை என்ன பண்றது?" என்று கேட்டாள் ரோவீனா.

"கழட்டாதீங்க. கயித்துலயே இருக்கட்டும். ஆளு இல்லேன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

ரோவீனா தலையை ஆட்டிவிட்டு, வார்டில் கேஸை வாங்கிக்கொள்வது போல இரண்டு கைகளாலும் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.