முதல் அரை டம்ளர் ஓமத் தீநீர்

மியூனிக்கில் மகள் பிறந்த அந்தக் குளிர்காலத்தில், அவள் தினமும் மாலை ஐந்து மணிக்கு அழத் தொடங்கி ஏழு மணிக்குத்தான் நிறுத்துவாள். கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் சிவக்க அழும் அழுகை. ஊரிலிருந்து அம்மாவால் வர முடியவில்லை. அப்பாவுக்கு அப்போதுதான் இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. கணவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்ப எட்டாகும். வாரத்தில் ஐந்து நாள் அந்த அழுகைக்கு நான் ஒருத்திதான்.

போனில் அம்மா திரும்பத் திரும்பச் சொன்ன மருந்து ஒன்றுதான்: ஓம வாட்டர். கணவரின் அலுவலக நண்பர் ஊருக்குப் போய்விட்டு வரும்போது இரண்டு பாட்டில் எடுத்துவந்தார். இரண்டும் பெட்டிக்குள்ளேயே உடைந்து, அவருடைய சட்டை முழுவதும் ஓம வாசம். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்த லேபிளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ‘ஓமத் தீநீர். வாலையில் வடித்தது’ என்று அதில் இருந்தது.

வடிப்பது எனக்குத் தெரியாத வேலை இல்லை. வேதியியலில் முதுகலை முடித்தவள். கல்லூரி ஆய்வகத்தில் கிராம்பைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, எண்ணெய் எடுத்திருக்கிறேன். ஆனால் அங்கே பக்கத்தில் பேராசிரியர் இருந்தார், தப்பு செய்தால் மதிப்பெண்தான் போகும்.

கணவர் இணையத்தில் தேடி, வடிப்பதற்கான ஒரு சின்னச் செம்பு வாலையை வரவழைத்தார். அரை லிட்டர் பானை, வெங்காயம் போல ஒரு மூடி, அதிலிருந்து வளைந்து இறங்கும் குழாய், குழாயைக் குளிர்விக்க ஒரு நீர்ப் பாத்திரம்.

“அரை லிட்டர் வரைக்கும் பெர்மிஷன் வேணாமாம்,” என்றார்.

“நிஜமாவா? நல்லா படிச்சீங்களா?”

“படிச்சேன்டி. ஆனா போலீஸ் வந்தா ஓம வாட்டர்னு சொல்லிப் பாரு, எவன் நம்புவான்? மியூனிக்ல கள்ளச்சாராயக் கேஸ்ல உள்ள போன முதல் எம்.எஸ்சி நீதான்.”

அவர் தூங்கப் போன பிறகு அந்தச் சட்டத்தின் ஜெர்மன் இணையப் பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

ஓமம் வாங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அக்காவின் கடைக்குப் போனேன்.

“ஒரு கிலோவோ? என்ன பிள்ளை, கலியாண வீடே?”

“குழந்தைக்கு வயித்து வலிங்கக்கா. ஓம வாட்டர் வடிக்கலாம்னு.”

“உதுக்கேன் வடிக்கிறியள்? ஒரு கரண்டி போட்டு அவிச்சு, நீங்கள் குடிச்சாக் காணும், பாலோட பிள்ளைக்குப் போகும்.”

நான் தலையாட்டினேன். ஆனால் லேபிளில் வடித்தது என்றுதானே இருந்தது? அவித்துக் குடிப்பது ஏதோ சோம்பேறித்தனமாகத் தோன்றியது.

வாலையுடன் ஒரு கையேடும் வந்திருந்தது. இங்கே இதை வாங்குகிறவர்கள் பழச்சாராயம் காய்ச்சுவார்கள், கையேடும் அவர்களுக்கானதுதான். நான் அதன் ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதிக்கொண்டேன். முதலில் வெறும் தண்ணீரை வடித்துப் பானையைச் சுத்தம் செய்ய வேண்டும். மூடியின் இடுக்கை மாவால் அடைக்க வேண்டும். அவர்கள் கம்பு போன்ற ஏதோ மாவைச் சொன்னார்கள், நான் சப்பாத்தி மாவைத் திரித்து ஒட்டினேன். அடுப்பைக் குறைத்தே வைக்க வேண்டும். முதலில் சொட்டுவது விஷம், அதைக் கொட்டிவிட வேண்டும். இந்த வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு போட்டிருந்தார்கள். இரண்டு கரண்டி கொட்டினால் போதும் என்றிருந்தது. நான் குழந்தைக்காக அரை டம்ளர் கொட்டினேன்.

மதியம் அவள் தூங்கும்போதுதான் வடிப்பேன். குளிர்நீர்ப் பாத்திரத்தில் பால்கனியிலிருந்து அள்ளிய பனியைத் திணிப்பேன். குழாய் முனையில் முதல் சொட்டு தொங்கி, விழுவதா வேண்டாமா என்று நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். கீழ்வீட்டில் கடிகாரம் அடிப்பது கேட்கும். முதல் அரை டம்ளரை சிங்கில் ஊற்றுவேன். அதன் பிறகு வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, ஐந்து மணிக்கு ஒரு சின்னக் கரண்டி கொடுப்பேன். அவள் அழுவாள்.

எத்தனை மணிக்கு ஆரம்பித்தாள், எப்போது நின்றது என்று நோட்டில் எழுதினேன். ஓமம் பழையதோ? செம்பு ஒத்துக்கொள்ளவில்லையோ? நேற்று நான் சாப்பிட்ட பயறுதான் காரணமோ? ஒரு நாள் ஆறரைக்கே நின்றது. அன்று என்ன வித்தியாசமாகச் செய்தேன் என்று யோசித்து, மறுநாள் அதே ஸ்வெட்டரைக்கூடப் போட்டுக்கொண்டேன்.

ஏழாவது முறை வடித்த அன்று மருத்துவச்சி வந்தார். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கே வந்து பார்க்கும் ஜெர்மன் பெண்மணி. அதுதான் அவருடைய கடைசி வருகை. குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டுத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு, எடை நன்றாக ஏறியிருக்கிறது என்றார். கை கழுவ சமையலறைக்கு வந்தவர் சிங்க் அருகே நின்று மூச்சை இழுத்தார்.

“என்ன இது, இவ்வளவு நன்றாக மணக்கிறதே?”

நான் விளக்கிச் சொல்லி பாட்டிலைக் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார். மறுபடி சிங்கை முகர்ந்தார்.

“வாசம் இங்கேதான் இருக்கிறது. பாட்டிலில் இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர்.”

“முதலில் வருவது விஷம், அதனால் கொட்டிவிடுகிறேன்.”

“விதைகளை நொதிக்க வைத்தீர்களா?”

“இல்லை.”

“பிறகு அதில் விஷம் எங்கிருந்து வரும்? நொதித்த சாராயத்தில்தான் அது இருக்கும்.”

ஆய்வகத்தில் கிராம்பு எண்ணெய் முதல் சொட்டுகளில்தான் வந்தது. குடுவையின் அடியில் அது மின்னியதைக்கூட நினைத்துப் பார்க்க முடிந்தது. எனக்குத் தெரிந்ததைக் கேட்காமல், சாராயம் காய்ச்சுபவர்களின் புத்தகத்தைக் கேட்டிருக்கிறேன். ஏழு முறை மருந்தை சிங்கில் ஊற்றிவிட்டு, தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறேன்.

“நல்லதாகப் போயிற்று,” என்றார் அவர். “அந்த எண்ணெய் இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மிகவும் காரம். அவளுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். இந்த அழுகை மூன்றாம் மாதத்தில் தானே குறையும். பகலில் நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள்?”

“மகளோடு.”

“அவள் பதில் சொல்கிறாளா?”

“ஐந்து மணிக்கு.”

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் தராசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். படிக்கட்டில் அவருடைய காலடிச் சத்தம் கீழ்க்கதவு வரை கேட்டது.

மறுநாள் வடித்தபோது, முதல் அரை டம்ளரைக் கொட்டாமல் எடுத்து வைத்தேன். கலங்கலான நீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். வாசம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. சரியாகச் செய்திருக்கிறேன். காட்டுவதற்குத்தான் வீட்டில் ஒருவரும் இல்லை. பாட்டிலை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

சில வாரங்கள் கழித்து அம்மா போனில் கேட்டாள்.

“அழுகை நின்னுச்சாடி?”

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து இருபது. மகள் விரிப்பில் படுத்துத் தன் முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். நேற்று? அதற்கு முந்தைய நாள்? நோட்டில் எழுத எப்போது மறந்தேன் என்றே தெரியவில்லை.

“நின்னுடுச்சும்மா.”

“பாத்தியா! ஓம வாட்டர்னா ஓம வாட்டர்தான். அப்பவே சொன்னேன்ல?”

“ஆமாம்மா,” என்றேன். மருந்து என்று சொல்லத்தக்க ஒரு சொட்டுகூட அவள் வாய்க்குள் போகவில்லை என்பதைச் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகு வீடு அமைதியாக இருந்தது. ஏழு மணி வரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, இனி மருந்துக்காக இல்லாவிட்டாலும், மறுநாள் மதியம் வடிக்க ஒரு பிடி ஓமத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.