பெஞ்சமின் வாயை மூடக் கற்றுக்கொண்ட ஆறு சனிக்கிழமைகள்

2024 செப்டம்பர் 2ஆம் தேதி பெஞ்சமினுக்கு நாற்பத்தைந்து வயது முடியவிருந்தது. வியட்நாமில் ஹைஃபாங் நகரத்திலுள்ள ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையம் அவரை ஆசிரியராக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆனால் நாற்பத்தைந்து முடிந்தவர்களோடு அவர்கள் புதிதாக ஒப்பந்தம் போடுவதில்லை. பட்டச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் எல்லாம் ஜூன் மாதத்துக்குள் ஒரு நீல நிற ஃபைலில் சேர்ந்துவிட்டன. பாக்கியிருந்தது ஒன்றுதான். வேற்று மொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தகுதியுள்ளவர் என்று ஒரு பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் அது வந்தால் வேலை உண்டு. தவறினால் அடுத்த பயிற்சி அக்டோபரில்தான் தொடங்கும். அதற்குள் வயது தாண்டிவிடும்.

பெஞ்சமின் செய்யூர் பக்கம் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கவும் சவுக்கு வெட்டவும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி இவர். பி.எட். முடித்து, செங்கல்பட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 2004 ஜூன் முதல் 2023 ஏப்ரல் வரை ஆங்கிலம் நடத்தினார். பிள்ளைகள் சேராமல் பள்ளி மூடப்பட்டது. பிறகு ஓராண்டு டியூஷன். மனைவி வசந்தா சத்துணவு அமைப்பாளர். மகள் சிநேகா அப்போது பிளஸ் டூ. எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் குடியிருந்தார்கள்.

பயிற்சி மையம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. பாடப் பகுதியை பெஞ்சமின் ஜூன் 29ஆம் தேதியே முடித்துவிட்டார். மிச்சம் ஆறு சனிக்கிழமைகள், ஆறு வகுப்புகள். ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிடம். மாணவர்கள் உள்ளூர்க்காரர்கள், இலவசமாக ஆங்கிலம் கற்க வந்த எட்டுப் பேர். பயிற்சியாளர் காயத்ரி வியட்நாமில் ஐந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்து திரும்பியவர், வயது முப்பத்து மூன்று. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டிருப்பார். ஆறாவது வகுப்பில் மாணவர்கள் பேசும் நேரம் மொத்தத்தில் பாதியாவது, அதாவது இருபத்திரண்டரை நிமிடமாவது இருக்க வேண்டும். அதுதான் தேர்ச்சிக்கு அளவு.

முதல் வகுப்பு ஜூலை 6. மாலை வீடு திரும்பியபோது பெஞ்சமின் முகம் சரியில்லை. காயத்ரி கொடுத்த தாளை என்னிடம் காட்டினார். மாணவர் பேசிய நேரம்: இரண்டு நிமிடம்.

"சார், எட்டு பேரும் கத்திகினு இருந்தாங்க சார். கீழ மண்டபத்துல சமையக்காரன் மேல வந்து பாத்துட்டுப் போனான். இந்தம்மா ரெண்டு நிமிஷம்னு போட்டுகீது."

நடந்தது இதுதான். பெஞ்சமின் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். கடைசிச் சொல்லை விட்டுவிட்டு குரலையும் வலது கையையும் உயர்த்தி நிறுத்துவார். வகுப்பு மொத்தமும் அந்தச் சொல்லைச் சேர்ந்து சொல்லும். "புரிஞ்சுதா?" என்பார். "யெஸ் சார்" என்பார்கள். நம் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் இது பழக்கம். பெஞ்சமின் வேலை பார்த்த பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு நாளைக்கு நான்கு முறை வராந்தாவில் நடப்பார். சத்தம் வராத வகுப்பில் பாடம் நடக்கவில்லை என்று கணக்கு. இரண்டு முறை பெஞ்சமினுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு தலைமையாசிரியர் நடக்கும் நேரத்தில் அவர் வகுப்பு அமைதியாக இருந்ததே இல்லை.

காயத்ரி அவரிடம் சொன்னாராம்: "நீங்க சொல்லச் சொன்னதைத்தான் சார் அவங்க சொன்னாங்க. அவங்க சொல்ல வந்தது ஒண்ணுகூட எனக்குக் கேக்கல. சேர்ந்து சொல்றதை நான் கணக்குல எடுக்க மாட்டேன். யாரையாவது வாட்ச்சோட உக்கார வெச்சு நீங்களே பாத்துக்குங்க."

அப்படித்தான் நான் போனேன். செங்கல்பட்டு ஜங்ஷனில் வண்டிகள் வந்த நிமிடத்தையும் போன நிமிடத்தையும் முப்பத்தொரு ஆண்டுகள் எழுதியவன் என்பதால் என்னைக் கேட்டார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் காலை 7.50க்கு ஏறினால் வகுப்புக்கு நேரம் சரியாக இருக்கும். சேர்ந்து சொல்வதை விட்டு, தனியாக ஒருவர் தன் பேச்சாகப் பேசினால் மட்டும் குறித்தேன். ஜூலை 13: மூன்று நிமிடம் பத்து நொடி. ஜூலை 20: நான்கு நிமிடம். ஜூலை 27: ஒன்பது நிமிடம். அன்று இருவர் இருவராக உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருந்தார். ஆனால் யார் ஒரு கணம் தயங்கினாலும் பெஞ்சமின் அங்கே போய் மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுவார். அப்படி முப்பத்தேழு முறை.

திரும்பும் வழியில் எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தார்.

அந்த வாரம் வீட்டில் பயிற்சி நடந்தது. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். இது வசந்தாவுக்குத் தெரியாது.

"இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றாராம்.

"கார கொழம்பு" என்றார் வசந்தா. இவர் இன்னும் நின்றார். "இன்னாங்க? அதுக்கு மேல இன்னா சொல்லணும்? கத்திரிக்கா போட்டுகீறேன். உப்பு கரெக்டா கீது. நேத்து மிச்சம் இல்ல, இன்னிக்கு வெச்சது. போதுமா? ஏன்டி சிநேகா, உங்கப்பாவுக்கு பிரஷர் மாத்திரை குடுத்தியா?"

பெஞ்சமின் அதை எங்கள் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். பத்து எண்ணுவது வேலை செய்கிறது என்று அவருக்கு நம்பிக்கை வந்திருந்தது.

ஐந்தாவது வகுப்பு ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. காலை 10.07க்கு அவர் ஒரு கேள்வி கேட்டார்: நேற்று நீங்கள் என்ன செய்தீர்கள்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பெஞ்சமின் அசையவில்லை. பன்னிரண்டு நொடி ஆனது. லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் இருக்கும் ரேணுகா மெதுவாக எழுந்து நின்றார். அவரைப் பார்த்து ஐஸ் கட்டி ஏற்றும் ஆட்டோ ஓட்டும் கருப்பன் எழுந்தார். பிறகு எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

"சாரி சார்" என்றார் ரேணுகா.

"நான் ஒண்ணியும் பண்ல சார்" என்றார் கருப்பன். நாற்பது வயது மனிதர்.

வாத்தியார் திடீரென்று பேச்சை நிறுத்தினால், வகுப்பில் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை அவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்திருக்கிறார்கள். பெஞ்சமினே இருபது ஆண்டுகளாக இந்த ஆயுதத்தைப் பயன்படுத்தியவர்தான். உட்காருங்கள் என்று சொன்னார். கோபம் இல்லை என்று சொன்னார். ஏன் கோபம் இல்லை என்று பதினோரு நிமிடம் விளக்கினார். அன்று மாணவர் பேசிய நேரம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. அதில் "சாரி" பெரும்பகுதி.

காயத்ரி தாளைக் கொடுக்கும்போது, "அடுத்த வாரம்தான் சார் கடைசி. உங்களுக்கு மட்டும் நான் வாட்ச்சைத் திருப்பி வைக்க முடியாது" என்று மட்டும் சொன்னார்.

கீழே இறங்கியதும் பெஞ்சமினுக்குப் பசித்தது. கடற்கரைக்குப் போகும் தெருவில் மீன் வறுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் செங்கம்மாளும் அந்த எட்டுப் பேரில் ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. வகுப்பில் ஐந்து வாரங்களில் அவர் தனியாகப் பேசியது மொத்தம் நாற்பது நொடி. அவர் கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். செங்கம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவர்களிடம் ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எந்த ஊர், ஏன் இந்த வெயிலில் சட்டை இல்லாமல் நடக்கிறாய், உன் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாளா, நேற்று எதிர்க் கடையில் தின்றாயே நன்றாக இருந்ததா என்று. வாட்ச் என் கையில் இருந்தது. ஆறு நிமிடம் இருபது நொடி.

பெஞ்சமின் மீனைத் தொடவில்லை.

"க்ளாஸுல ஏன்மா இப்படிப் பேச மாட்டேங்கிறே?"

"அங்க நீ நிக்கிற, நான் குந்திகினு கீறேன். இங்க நான் நிக்கிறேன்" என்றார் செங்கம்மாள். "அதுவும் இல்லாம நீ கேக்கறதுக்கெல்லாம் பதிலு உனக்கே தெரியும். அப்பால எதுக்கு நான் சொல்லணும்? துன்னு சார், ஆறிப் போவுது."

பேருந்தில் வரும்போது பெஞ்சமின் தயாரித்து வைத்திருந்த ஆறாவது வகுப்புத் திட்டத்தை மடித்து முன் சீட்டின் பின்னால் செருகிவிட்டார். நான் அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 10. மேசையையும் நாற்காலிகளையும் பெஞ்சமின் முன்பே நகர்த்தி வைத்திருந்தார். மாணவர்கள் உள்ளே வந்தபோது அவர் அவர்கள் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பலகையில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்த அறையில் இருக்கும் ஒருவர் மேல் உங்களுக்கு என்ன குறை? எழுந்து வந்து கேளுங்கள். வசந்தா கொடுத்தனுப்பிய கல்கண்டு ஒன்று பெஞ்சமின் வாயில் இருந்தது. அது கரையும்வரை பேசுவதில்லை என்று வீட்டில் ஒப்பந்தம். சட்டைப் பையில் இன்னும் நான்கு இருந்தன.

ஒன்றேகால் நிமிடம் யாரும் எழவில்லை. இந்த முறை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை, வாத்தியாரே உட்கார்ந்திருக்கிறார். பிறகு செங்கம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் போனார்.

"கருப்பன். சண்டே, ஒய் நோ ஐஸ்?"

கருப்பன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சமின் கல்கண்டை அடுத்த கன்னத்துக்கு மாற்றினார்.

"அக்கா, ஐ கம். ரோடு நோ கம்" என்றார் கருப்பன்.

"ரோடு ஆல்வேஸ் தேர்! யூ நாட் தேர்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. கடலில் குளித்துத் திதி கொடுக்க வந்த கூட்டத்தில் ஊருக்குள் எந்த வண்டியும் நுழையவில்லை. செங்கம்மாள் கடைக்குக் கருப்பன் கொண்டுவந்த ஐஸ் பூஞ்சேரி கூட்டு ரோட்டிலேயே தண்ணீராகிவிட்டது. இதை அவர் சொல்ல வேண்டும். கூட்டம் வந்தது என்று சொல்லிவிட்டார். எதற்கு வந்தது என்று செங்கம்மாள் விடாமல் கேட்டார். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டார்.

"பீப்பிள் கமிங் ஃபார்... ஃபார்..."

கருப்பன் நின்றுவிட்டார். எட்டுப் பேரும் பெஞ்சமினைப் பார்த்தார்கள். மணி 10.19. பெஞ்சமினின் வலது கை உயர்ந்தது. இருபது ஆண்டுகளாக வகுப்பிடமிருந்து கடைசிச் சொல்லை வாங்கிய கை. அதை அவரே இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் காயத்ரி எழுதுவதை நிறுத்தியிருந்தார். இருபத்திரண்டு நொடி.

"டெட் ஃபாதர்" என்றார் ரேணுகா, உட்கார்ந்தபடியே.

"ஆங்! டெட் ஃபாதர். டெட் ஃபாதர் ஃபுட். ஆல் பீப்பிள் கிவிங். பிக் கூட்டம். மை ஐஸ் வாட்டர்."

"டெட் ஃபாதர் ஈட்" என்றார் செங்கம்மாள். "மை ஃபிஷ் ஆல்சோ டெட். நோ ஐஸ், ஹூ ஈட்? யுவர் ஃபாதர்?"

அறை சிரித்து அடங்க முப்பது நொடி ஆனது. அதை நான் பேச்சில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு ரேணுகாவுக்குக் கருப்பன் மேல் ஒரு குறை இருந்தது, லாட்ஜ் வாசலில் ஆட்டோவை நிறுத்துவதைப் பற்றி. மற்றவர்களுக்கும் இருந்தன. 10.31க்கு ஒருவர் ஆங்கிலத்தில், தமிழ் கலந்து, பெஞ்சமின் மேலேயே ஒரு குறை சொன்னார்: அவர் மிக வேகமாகப் பேசுகிறார். பெஞ்சமின் தலையாட்டினார். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் எழுந்து, அவர்கள் தேடிய சொற்களைப் பலகையில் எழுதினார்.

என் நோட்டில் இருபத்து நான்கு நிமிடம் ஐந்து நொடி. காயத்ரியின் தாளில் இருபத்து மூன்றரை. அவர் "கூட்டம்" போன்ற தமிழ்ச் சொற்கள் வந்த இடங்களைக் கழித்திருந்தார். அதிலும் நியாயம் உண்டு. எப்படியும் அளவுக்கு மேல்தான். மதிப்பு: தேர்ச்சி. மூன்று நிலைகளில் அது கடைசி நிலை. முதல் ஐந்து வகுப்புகளை வைத்துப் பார்த்தால் அதற்கு மேல் கொடுக்க முடியாது.

படியிறங்கும்போது பெஞ்சமின் மிச்சக் கல்கண்டைச் செங்கம்மாளிடம் கொடுத்தார்.

"கம்முனு இருக்க துட்டு குடுக்கறாங்களா சார் அந்த ஊர்ல?" என்றார் செங்கம்மாள். "எங்கூட்டுக்காரரையும் இட்டுனு போ. அவரு முப்பது வருசமா அதைத்தான் பண்றாரு."

சான்றிதழ் ஆகஸ்ட் 21ஆம் தேதி வந்தது. 26ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது, வயது முடிய ஏழு நாள் இருக்கும்போது. தூதரக வேலைகள் முடிந்து, நவம்பர் 9ஆம் தேதி மதியம் 2.10 மின்சார ரயிலில் பெஞ்சமின் திரிசூலத்துக்குப் புறப்பட்டார். வண்டி இரண்டு நிமிடம் தாமதம். வசந்தாவும் சிநேகாவும் விமான நிலையம் வரை போனார்கள்.

நவம்பர் 18ஆம் தேதி ஹைஃபாங்கிலிருந்து அவர் அனுப்பிய குரல் பதிவு என் போனில் இருக்கிறது. பின்னால் பெரும் இரைச்சல்.

"சார், மொத க்ளாஸு முடிஞ்சிது. எட்டு வயசுப் பசங்க, பதினாலு பேரு. கேள்வி கேட்டுட்டு கம்முனு நின்னேன் சார். ஒருத்தன்கூட எந்திரிக்கல. எல்லாம் ஒரே நேரத்துல பேசுதுங்க. நிறுத்தவே முடியல. இப்ப எனக்குத்தான் சார் பேச எடம் இல்ல. மொத்தமா நான் பேசுனது அஞ்சு நிமிஷம் இருக்கும்."

ஐந்து நிமிடம் என்பது அவர் சொன்ன கணக்கு. அங்கே வாட்ச் பார்க்க யாரும் இல்லாததால், அதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.