புகைக்கறைக்காக ஏற்றிய சூடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே யோசனை. சாமி விஷயம், படிக்கிறவர்கள் சிரிப்பார்களோ என்று பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். சிரிக்கிறவர்களாவது பரவாயில்லை. கும்பிட்டுவிட்டு, நடக்காததையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு சுங்கை லாலாங்கில், தாமான் என்கிற குடியிருப்பின் கடைசி வரிசை. பின்வாசலைத் திறந்தால் செம்பனைத் தோட்டம்தான். கையுறைத் தொழிற்சாலையில் ஓய்வு கொடுத்த அதே வருடம் மனைவி போய்ச் சேர்ந்தாள். மகள் கல்யாணமாகி மெர்கோங்கில் இருக்கிறாள். தூரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளுக்கு வேலை, பிள்ளைகள், டியூஷன். போன் போட்டு, "அப்பா நல்லா இருக்கீங்களா?" என்பாள். "நல்லா இருக்கேம்மா" என்பேன். காலையில் குளித்து சாமி விளக்கு ஏற்றிவிட்டு, ஒரு சோறும் ஒரு குழம்பும் வைப்பேன். அதற்குமேல் அந்த நாளை என்ன செய்வது என்று தெரியாது. ரேடியோவில் யாராவது கேள்வி கேட்டால் இங்கே உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை சுங்கைப் பட்டாணியில் ஹார்ட்வேர் கடைக்கு ஆணி வாங்கப் போனேன். கடைக்காரர் சீனர், என் வயதுதான். தோட்டத்து ஆட்களோடு வியாபாரம் பண்ணிப் பண்ணியே தமிழ் படித்தவர். எல்லாரையும் போல நானும் அவரை, முதலாளி என்ற பொருளில், தவுக்கே என்றுதான் கூப்பிடுவேன். ஆணியைப் பொட்டலம் கட்டிவிட்டு, "அண்ணே, மாடிக்கு வா லா, ஒண்ணு காட்றேன்" என்றார்.

மாடியில் அறை முழுக்க ஒரே பலகை. அதன்மேல் தண்டவாளம், விரல் நீளத்துக்கு ரயில் பெட்டிகள், கம்பியிலும் பஞ்சிலும் செய்த ரப்பர் மரங்கள், ஒரு சின்ன ஸ்டேஷன். சுவிட்சைத் தட்டினால் ரயில் ஓடும், ஹார்ன்கூட அடிக்கும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் நான் அங்கேதான். தண்டவாளத்தைத் துணியால் துடைத்துக் கொடுப்பேன். அவர் கோப்பி கலக்குவார். அந்த ஒரு மத்தியானத்தை வைத்துத்தான் வாரம் நகர்ந்தது.

பலகையில் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு மூலை காலியாக இருந்தது. ஒருநாள் தவுக்கே அதைக் காட்டி, "ரயில் ரோடு ஓரம் எங்க பாத்தாலும் உங்க முனியாண்டி கோயில் இருக்கு. இங்க மட்டும் காணோம். நீ செய்" என்றார்.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் தவுக்கே?"

"உனக்குச் சாமி தெரியும். எனக்குப் பசை தெரியும். போதும் லா."

வீட்டிலேயே உட்கார்ந்து செய்தேன். தூணுக்குத் தீக்குச்சி, சுவருக்கு ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிய பட்டைகள். தகரக் கூரைக்கு, சமையல் அலுமினியத் தாளைச் சீப்பின்மேல் வைத்துப் பல்குச்சியால் அழுத்தினேன், தகரத்தின் வரி அப்படியே விழுந்தது. குண்டூசியை வளைத்துச் சூலம். உள்ளே வைக்க, கூழாங்கற்களில் கருப்பாக ஒன்றைப் பொறுக்கிக் கழுவினேன். எல்லாம் சேர்த்து ஒரு கொய்யாப்பழ உயரம்கூட இல்லை.

கொண்டுபோய்க் காட்டியதும் தவுக்கே சிரித்தார். "என்னாண்ணே, நேத்துதான் கும்பாபிஷேகமா? இப்படி மின்னுது! மழை வெயில்ல கிடந்த மாதிரி பண்ணிக் கொண்டா."

புதுசைப் பழசாக்குவதுதான் கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. குச்சிகளுக்குப் பால் விடாத கடுந்தேத்தண்ணி பூசிக் காயவிட்டு, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஊறிய வினிகரை மேலே தடவினால், கையில் பிடித்திருக்கும்போதே மரம் நரைத்துவிடும். எங்கள் வாசல் கேட்டில் இருந்த துருவைச் சுரண்டித் தகரத்தின் ஓரத்தில் ஒட்டினேன். சூலத்தில் கட்டிய மஞ்சள் துணி வெளுக்கும்வரை வெயிலில் போட்டேன். எல்லாம் சரியாக வந்தது, சூடம் எரிந்த கறை மட்டும் வரவில்லை. கருப்புப் பெயிண்டைத் தொட்டு வைத்தால் தார் கொட்டியதுபோல் இருந்தது.

ஒரு மத்தியானம் நல்ல மழை. கறைதானே வேண்டும், நிஜச் சூடத்தையே கொளுத்திவிட்டால் என்ன என்று தோன்றியது. கல்லுக்கு முன்னால் நகத்தளவு ஓட்டுத்துண்டு பதித்திருந்தேன். அதன்மேல் சூடத்தில் ஒரு பொடி வைத்துக் கொளுத்தினேன். எனக்கு வேண்டியது புகைக்கறை மட்டும்தான், சத்தியமாக வேறு நினைப்பில்லை. ஆனால் சூடம் எரிவதைப் பார்த்தால் நம் கைக்கு வேறென்ன தெரியும்? கூப்பிவிட்டது. கண்ணும் மூடிக்கொண்டது. வாய் தானாக, "தனியா இருக்கேன்பா" என்றது.

அந்தச் சொல்லை அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

கண்ணைத் திறந்தபோது சூடம் அணைந்திருந்தது. கறை நினைத்த மாதிரியே விழுந்திருந்தது. ஆனால் அது இனிமேல் பொம்மைக் கோயில் இல்லை. சூடம் காட்டி, மனசில் உள்ளதைச் சொல்லிக் கும்பிட்டாயிற்று. தினம் விளக்கு வைக்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவு திறக்கிற மாடியில் வைப்பது எப்படி? கொடுக்காவிட்டால் தவுக்கே என்ன நினைப்பார்? இருக்கிற ஒரு சிநேகிதமும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. கோயிலைச் சாமி மேடையில் வைத்தேன். அந்த ஞாயிறு கடைப்பக்கம் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு அக்கா ரசம் கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். "என்னா தம்பி, கல்லு முன்னால தானா கருத்திருக்கு!"

"தானா இல்லக்கா. நான்தான் சூடம் கொளுத்தினேன், கறைக்காக."

"நான் கொளுத்தினேன்னு நீ நெனச்சுக்கிற. கொளுத்த வச்சது யாரு?"

மறுநாள் எலுமிச்சம்பழத்தோடு இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தானாகக் கருத்த கல், தானாக வந்த சாமி என்று தாமான் முழுக்கப் பேச்சு. எனக்குக் கூச்சமாகிவிட்டது. இது வேறு வாய் வழியாக தவுக்கே காதுக்குப் போகக்கூடாது, நானே சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

நடந்ததைச் சொன்னேன். தவுக்கே ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவ்வளவுதானா? கீழ என் சாமிக்கு தினம் ஊதுபத்தி வைக்கிறேன். மாடி ஏறி உன் சாமிக்கும் வைக்கிறேன். கொண்டா லா."

"இல்ல தவுக்கே. வேணாம்."

அவர் முகம் மாறியது. "ஏன், சீனன் வீட்டுல உன் சாமி இருக்கமாட்டாரா?"

"ஐயோ, அப்படி இல்ல. அவர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டேன். சொன்ன பிறகு அனுப்ப மனசு வரல."

"என்னா சொன்ன?"

"தனியா இருக்கேன்னு."

தவுக்கே கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல, "ஒவ்வொரு ஞாயிறும் இங்க வந்து உக்காந்த. என்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலியே லா" என்றார்.

அவர் சுவிட்சைத் தட்டினார். ரயில் சுற்றி வந்து அந்தக் காலி மூலையை நெருங்கியபோது வேகத்தைக் குறைத்து ஹார்ன் அடித்தார். முனியாண்டி கோயிலைத் தாண்டும்போது நிஜ ரயில் அடிப்பதைப் போலவே. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்றும் ஞாயிறு போகிறேன். அந்த மூலையில் அவர் எதையும் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அதே அமைதிதான். விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் பேசுவேன். பதில் எதுவும் வந்ததில்லை.

படித்தவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் இருப்பது இருந்தபடி சொல்லுங்கள். கல் தானாகக் கருத்தது என்று மட்டும் தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள். சூடம் ஏற்றியது நான்தான்.