மைசூர்க் கரடிக்கு ஒரு மரக்கட்டை

சனிக்கிழமை காலை ஆறரைக்கு சத்தியமங்கலத்தில் மைசூர் பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு நூற்றி எழுபது ரூபாய். தூரம் நூற்றி முப்பது கிலோமீட்டர் சொச்சம். என் பையில் பிரஷர் மாத்திரை, வாந்தி வந்தால் மோந்துபார்க்க எலுமிச்சம்பழம், காயம் பட்டால் வைக்கப் பஞ்சு, ஒரு டார்ச் லைட். டார்ச்சைப் பார்த்துவிட்டு என் மனைவி சரசு, "ஏனுங்க, மைசூருக்கு இன்னும் கரண்டு வரலைன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றாள். ஆபத்து என்ன சொல்லிவிட்டா வருகிறது?

நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. மகள் கவிதாவுக்கு இது ஐந்தாம் மாதம். அவளுக்கும் மாப்பிள்ளை பிரபுவுக்கும் மைசூரில் கம்ப்யூட்டர் வேலை. "கடையை மூடிட்டு ரெண்டு பேரும் இங்கியே வந்துருங்கப்பா" என்று இரண்டு மாதமாக நச்சரிக்கிறாள். சரசு போவதென்று முடிவே செய்துவிட்டாள். "வந்தா வாங்க, இல்லைன்னா கடையிலயே படுத்துக்குங்க" என்று எனக்குத் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. எனக்குத்தான் பயம். மகள் வீட்டு வசதிகளைப் போனில் பார்த்தபோதே, அதற்குள் போய் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் கை, கால், மூளை மூன்றும் துருப்பிடித்துவிடும் என்று பட்டது. மனுஷ இனமே இப்படித்தான் தேய்ந்துகொண்டு வருகிறது என்பது ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட என்னுடைய கணிப்பு. மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு என் முடிவைச் சொல்வதாகப் பேச்சு.

பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. கண்ணை மூடிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"அந்தக் காலத்துல இதுல நடந்தே போனாங்களாமா. என்ன ஒடம்பு பாரு அதெல்லாம்!"

"போனவங்கள்ல பாதிப் பேரைப் புலி தின்னுருக்கும். நடக்கறதுக்கு முன்னாடி அதையும் கேட்டுக்கோணும்."

"சொகுசு வந்தா மனுசன் கெட்டான் சரசு."

"நம்ம கடையில என்ன விக்கறீங்க?"

சத்தியில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அதுதான் தொழில்.

"கல்லுல ஆட்டி ஆட்டி என்ற தோள்பட்டை கழண்டப்ப, ஒடம்புக்கு நல்லதுன்னு ஒருத்தரும் பக்கத்துல வந்து ஒக்காரலை. இன்னைக்கு சத்தியில பாதிப் பொம்பளைங்க மாவாட்டாம நிம்மதியா ஒறங்கறது உங்களாலதான். அவங்களும் தேஞ்சுட்டாங்களா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் எலுமிச்சம்பழத்தை மோந்தேன்.

ஆசனூர் பக்கம் ரோட்டோரம் ஒரு யானை நின்றது. பஸ்ஸே எழுந்து நின்றது. எழுந்தவர்கள் யானையைப் பார்க்கவில்லை, போனுக்குள் தெரிந்த யானையைப் பார்த்தார்கள். "பாத்தியா, இதைத்தான் சொல்றேன்" என்றேன் சரசுவிடம். "நீங்க பாத்தீங்களா?" என்றாள். நான் சீட்டுக்கடியில் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை.

சாம்ராஜநகர், நஞ்சன்கூடு வழியாகப் பதினொரு மணிக்கு மைசூர். ஊர் அகலமாக, அவசரம் இல்லாமல் இருந்தது. விஜயநகருக்கு ஆட்டோ இருநூற்றி இருபது ரூபாய். ஓட்டுநர் நன்றாகத் தமிழ் பேசினார். ஆனால் கண் முழுக்கப் போனில் ஓடுகிற மேப்பின் மேல்.

"ஊருக்குப் புதுசுங்களா?" என்றேன்.

"இல்ல சார். இதே ஊர் அக்ரஹாரத்துல பொறந்தவன். முப்பது வருஷமா ஆட்டோ."

"அப்புறம் மேப் எதுக்கு?"

"வழி தெரியும் சார். இது சொன்னா ஒரு தைரியம், அவ்ளோதான்."

நான் சரசுவைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்தாள்.

மகள் வீடு ஆறாவது மாடி. கதவுக்குச் சாவி இல்லை, நம்பர் அமுக்கினால் திறக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மிஷின் தானே ஊர்ந்து வீடு கூட்டுகிறது. என் காலில் இரண்டு முறை மோதிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போனது. அலமாரியில் உருண்டையாக ஒரு பெட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு "ஃபேன் போடு" என்றால் போடுகிறது. மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறார். மணிக்கு ஒரு தடவை அவர் கைக்கடிகாரம் உறுமுகிறது. என்னவென்று கேட்டேன்.

"'எந்திரிச்சு நட, ரொம்ப நேரம் உக்காந்துட்டே'ன்னு சொல்லுது மாமா."

"நடக்கலைன்னா?"

"திட்டாது மாமா. மறுபடி ஒரு மணி நேரம் கழிச்சுச் சொல்லும்."

நடப்பதற்கென்று அறுபதாயிரம் கொடுத்து ஒரு மிஷின் வாங்கிப் பால்கனியில் வைத்திருக்கிறார். அதன் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

ராத்திரி இட்லி. மாவைப் போனில் சொன்னார்கள், பத்து நிமிடத்தில் பாக்கெட் வந்தது. ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துபோயிற்று. உளுந்து போதவில்லை, கிரைண்டர் கல் சூடேறும்படி ஓட்டியிருக்கிறார்கள். "இதுக்கு எவ்வளவு கண்ணு?" என்றேன். "தொண்ணூறு ரூபாப்பா." இட்லியை விட விலை தொண்டையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் பெரிய அதிர்ச்சி. குளிர் அடித்தது. போர்வைக்குள்ளிருந்து அந்தப் பெட்டியைக் கூப்பிட்டு, "ஃபேனை நிறுத்து" என்றேன். நின்றது. திரும்பிப் படுத்தால், தலைமாட்டிலேயே சுவிட்ச். கையை நீட்டினால் எட்டுகிற தூரம். வந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை! சரசுவை எழுப்பி, "எனக்கு ஆரம்பிச்சுருச்சு" என்றேன். அவள் மாரடைப்பென்று நினைத்து எழுந்து உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னதும், இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலை பத்தரைக்கு நால்வரும் மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். உள்ளே சுற்றிவரப் பேட்டரி வண்டி இருக்கிறது. கவிதாவை அதில் ஏறச் சொன்னேன். "நீங்களும் ஏறுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. விடியற்காலைப் பயம் இன்னும் போகவில்லை, நடந்தே வருகிறேன் என்றேன். சரசு, "ஒடம்பு தேயாம பாத்துக்கறாராமா" என்று என்னுடன் நடந்தாள். நல்ல நிழல். பெரிய பெரிய மரங்கள். ஒட்டகச்சிவிங்கிகள் வேலை இல்லாத பெரிய மனிதர்கள் மாதிரி நின்றிருந்தன. அந்த மிருகங்களைப் பார்க்கப் பார்க்க என் கவலை கூடியது. வேளைக்குச் சாப்பாடு, டாக்டர், குளிக்கத் தொட்டி. மகள் வீடேதான். லிப்ட் ஒன்றுதான் குறை.

கரடி இருந்த இடத்தில் காக்கி உடுப்புக்காரர் ஒருவர் வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு தடிமனான மரக்கட்டை. கட்டை முழுக்க ஓட்டை. கரடி அதைக் கட்டிப்பிடித்து, உருட்டி, குடைந்து, மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்ணுது?" என்று நான் கேட்டதும் அவர், "தேனுங்க. ஓட்டைக்குள்ள ஊத்தி வெச்சிருக்குது" என்றார். அவர் ஊர் எங்கள் மலைக்கு அந்தப்புறம், கொள்ளேகால் பக்கமாம். மைசூரில் எங்கள் ஊர்ப் பேச்சு கேட்டதில் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

"தட்டுல ஊத்தி வெச்சா நிம்மதியாத் திங்குமில்லீங்க?"

"நிம்மதியாத் திங்குமுங்க. ரெண்டு நிமிசத்துல தின்னுபோட்டு, அப்புறம் பொழுதுக்கும் நின்ன எடத்துலயே நின்னு தலையை ஆட்டிட்டிருக்கும். அதைப் பாக்கச் சகிக்காதுங்க. இதுன்னா மத்தியானம் வரைக்கும் இவனுக்குச் சோலி இருக்குது."

"தொட்டித் தண்ணி, டாக்டரு எல்லாம் இருக்குதே, அது ஒண்ணும் கெடுக்கலைங்களா?"

"அது எதுக்குங்க கெடுக்குது? காட்டுல இருந்தா இந்நேரம் இவனுக்குப் பல்லு போயிருக்கும். அதெல்லாம் இருக்கட்டும். கட்டையும் இருக்கோணும்."

சரசு என் முழங்கையை இடித்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? உங்களுக்கும் ஒரு கட்டை வாங்கிப் போடோணும்."

எல்லோரும் நகர்ந்த பிறகும் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கரடி ஒரு ஓட்டையில் தேன் எடுக்க முடியாமல் உறுமியது. கட்டையை அடித்தது, விட்டுவிட்டுப் போனது, திரும்பி வந்தது. கோபமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கடையில் கரண்டு போய், மாவு பாதியில் நிற்கும்போது என் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று சரசு பல தடவை சொல்லியிருக்கிறாள். ஊர்ந்து வந்த மிஷினுக்கும் உருண்டைப் பெட்டிக்கும்தான் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் என் கைக்கென்று ஒன்றும் காத்திருக்கவில்லை என்பதுதான் என்னை உதறவைத்திருக்கிறது. அது அவ்வளவு நேரம் எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் திரும்பியபோது லிப்ட் நான்காம் மாடி தாண்டி நின்றுவிட்டது. இருட்டு. நான் டார்ச்சை அடித்தேன். யாரும் பாராட்டவில்லை. கூட வந்த பக்கத்து வீட்டம்மா, மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், கொஞ்சமும் பதறவில்லை. "ஒந்து நிமிஷம் சார், ஜெனரேட்டர் வந்துடும்" என்றார். எனக்கு வேர்த்து ஊற்றியது. பேச்சுக் கொடுக்க நினைத்தாரோ என்னவோ, "கவிதா சொன்னா, நீங்க ஊர்ல மாவு அரைக்கறீங்களாமே? இங்கே நல்ல மாவே சிக்கறதில்லை சார். பாக்கெட் வாங்கி வாங்கி நாக்கு செத்துப் போச்சு" என்றார்.

"உளுந்து குறைக்கறாங்கம்மா. சூடு ஏற விடறாங்க" என்று தொடங்கினேன். கரண்டு எப்போது வந்தது, லிப்ட் எப்போது மேலே போனது, கதவு எப்போது திறந்தது, எதையும் நான் கவனிக்கவில்லை. சரசு சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. கவிதா வாசல்வரை வந்தாள். "என்னப்பா முடிவு பண்ணுனீங்க?" என்றாள். "ஊருக்குப் போய்ச் சொல்றேன் சாமி" என்றேன். அவள் முகம் வாடியது. வீம்புக்குப் படியில் இறங்கினேன். நான்காம் மாடியில் முழங்கால் கேள்வி கேட்டது, மீதிக்கு லிப்ட்.

பஸ் நஞ்சன்கூட்டைத் தாண்டும் வரை சரசு ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மகள் முகத்தை வாடவைத்துவிட்டு வந்தவனோடு என்ன பேச்சு? வயலும் தென்னையும் ஓடின. சத்தியில் என் கடை, அதன் ஈரத் தரை, இரண்டு கிரைண்டரின் சத்தம் எல்லாம் நினைப்பில் வந்தன. மைசூர் வீடு எவ்வளவு அமைதி! கடையில் நான் சொன்னபடி ஒன்றும் கேட்பதில்லை, கிரைண்டர் கல் முதற்கொண்டு.

"ஏன் சரசு, அந்த நடக்கற மிஷின் எத்தனை அகலம் இருக்கும்?"

"எதுக்கு?"

"துணி காயப்போடறதுக்கு ஒரு கயிறு போதும். அதை எடுத்துட்டா, பால்கனியில நம்ம சின்ன கிரைண்டர் உக்காருமான்னு பாக்கறேன்."

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"உக்காரும்னே வெச்சுக்கோ" என்றேன். "ஆனா அந்தக் கனத்துக்கு, அது லிப்ட்ல ஏறுமா? பாதியில நின்னுட்டா?"

சரசு கைப்பையிலிருந்து போனை எடுத்து மகளின் நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் எடுப்பதற்குள் என்னிடம் சொன்னாள்:

"லிப்ட் எதுக்குங்க? மனுச இனம் தேஞ்சு போயிராது? படியிலயே தூக்கிட்டு வாங்க."