மெம்பரை எடுத்த நாள்

பதுளைக் கடைத்தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மெம்பர் என்றால் அவர்தான். அப்போது நகரசபையில் இருந்த ஒரே தமிழர். என் துணிக்கடைக்கு இரண்டு கடை தள்ளி அவருடைய அரிசி மண்டி. மண்டிக்கு மேலேயே வீடு. அவர் செய்தவை எவை என்று கேட்டால் கடைத்தெருக் குழாயையும் தெரு விளக்குகளையும் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நகரத்தில் இறந்துபோனால், எடுக்க ஆளில்லை என்று சபை ஆட்கள் அன்றைக்கே புதைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. தோட்டத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குச் செய்தி போய், பெண்டாட்டியோ தாயோ மலையிறங்கி வரும்போது மண்மேடுகள்தாம் இருக்கும். அதில் எது தங்களுடையது என்று காட்டவும் ஆள் இருக்காது. மெம்பர் இதைச் சபையில் எழுப்பினார். சிரித்தார்கள். மறுபடி எழுப்பினார். இப்படி வருஷக்கணக்கில் போராடியபின், தோட்டத்துக்கு ஆள் அனுப்பி மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. பிணத்தை வைக்கத் தகரக் கொட்டகை ஒன்றும் அவரே போட்டுக் கொடுத்தார்.

அவர் இறந்தது ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. நெஞ்சுவலி. பிள்ளைகள் இல்லை, கொள்ளி வைக்கத் தம்பி மகன் இருந்தார். கேதம் சொல்ல ஆள் அனுப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஹாலிஎலைக்கும் பண்டாரவளைக்கும் ஒவ்வொருவர், ஸ்பிரிங்வெளிப் பாதையில் மேலேயுள்ள தோட்டங்களுக்கு ஒருவர் என்று அனுப்பினேன்.

மெம்பரின் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டார். அவரை அக்கா என்றுதான் அழைப்பேன்.

"தம்பி, தோட்டத்துச் சனம் வந்து முகம் பாக்காம இவரை எடுக்கக்கூடாது. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். நான் கேக்குறது இது ஒண்ணுதான்."

"சொல்றேன்க்கா" என்றேன்.

மதியத்துக்குப் பின் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அரசாங்கக் கச்சேரித் துரை மாலை போட்டுவிட்டுப் போயிருந்தார். கடைக்காரர்களில் மூத்தவர், மெம்பரோடு ஒரே கப்பலில் வந்து இறங்கியவர், எழுந்து துண்டை உதறினார்.

"இன்னும் யாருக்குய்யா காத்திருக்கோம்?"

"தோட்டத்து ஆளுங்களுக்கு. அக்கா சொல்லியிருக்காங்க."

"உயிரோட இருக்கையில மீட்டிங்கு மீட்டிங்குன்னு நம்மள உக்கார வச்சாரு. செத்தும் விடமாட்டேங்கறாரேப்பா." சொல்லும்போதே அவர் கண் நிறைந்தது.

அப்போது தோட்டங்களுக்குப் போன ஆள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். "காலையில பேர் போடுற பெரட்டு கலைஞ்ச பெறகுதாங்க போய்ச் சேந்தேன். எல்லாரும் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தாங்க. சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிஞ்சாத்தான் விடுவேன்னு பெரிய கங்காணி சொல்லிட்டாரு."

"அது வரைக்கும் வச்சிருந்தா பொழுது சாஞ்சிரும்" என்றார் மூத்தவர். "அப்புறம் நாளைக்குத்தான் எடுக்கணும். நாளைக்குச் சனிக்கிழமை. சனிப்பொணம் தனியாப் போகாதும்பாங்க. இந்தத் தெருவுல பிள்ளை குட்டிகளோட இருக்கோம். என்னால ஆகாது."

அக்கா சொன்னதை மறுபடி எடுத்துச் சொன்னேன். சனிக்கிழமை என்ற சொல்லுக்குப் பிறகு என் பேச்சும் எடுபடவில்லை. பாடையைத் தூக்கினார்கள். உள்ளே அக்காவின் குரல் ஒருமுறை உயர்ந்து, பெண்களின் அழுகையோடு கலந்துவிட்டது.

கொள்ளி வைத்துவிட்டு ஆற்றுப் பாலத்தருகே திரும்பி வந்தபோது எதிரே ஒரு கூட்டம் வந்தது. பெண்கள் தலையோடு கம்பளி போர்த்தியிருந்தார்கள். கொழுந்துக் கறை போகாத கைகள். முன்னால் வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். முந்தானையில் வாய்க்கரிசி முடிந்திருந்தாள்.

"எடுத்துட்டீங்களாங்க?"

"எடுத்தாச்சும்மா."

அவள் எங்கள் பின்னால் எழும்பிய புகையைப் பார்த்தாள். "ஓட்டமும் நடையுமாத்தாங்க வந்தோம்" என்றாள். முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டு ஆம்பள செத்தப்போ அந்தத் தகரக் கொட்டாயில வச்சிருந்தாரு. நான் வந்துதாங்க துணியை வெலக்கினேன்."

மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்களும் எங்களோடு வீட்டுக்கு வந்தார்கள்.

அவர்கள் வந்த சத்தம் கேட்டு அக்கா கீழே இறங்கி வந்தார். தலைமுழுகிய ஈரம் இன்னும் காயவில்லை. எங்களைப் பார்க்கவேயில்லை. நேரே அந்தப் பெண்ணிடம் போனார்.

"முகம் பாத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"பாத்தோம் ஆத்தா. பாலத்துக்கிட்ட எறக்கி வச்சுக் காமிச்சாங்க. தூங்குற மாதிரிதான் இருந்தாரு."

"எல்லாரும் பாத்தீங்களா?"

"எல்லாரும் பாத்தோம் ஆத்தா." பின்னால் நின்றவர்களும் தலையசைத்தார்கள். ஒருவர்கூடத் தயங்கவில்லை.

அக்கா காலையிலிருந்து நிமிர்த்தி வைத்திருந்த உடம்பைத் தளரவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு மூத்தவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மழையில எறக்கி வச்சீங்களே அண்ணே. அவரு மனசு குளுந்திருக்கும்."

மூத்தவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே போய் மழையில் நின்றார். உள்ளே வரச் சொல்லி நான் இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் வரவில்லை.