மச்சானின் உள்ளங்கையில் ஒரு கொடுவா

இன்று காலை கிள்ளான் பாசாருக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவன், கயிற்றுக்கடை வாசலில் நின்றுவிட்டேன். ஆற்றோரச் சேற்றில் வளரும் பாக்காவ் மரத்தின் பட்டையை வேகவைத்த சாயத்தில் தோய்த்துக் காயவைத்த மீன்கயிற்றின் வாசனை. பழைய தேயிலையும் ஈரக் கட்டையும் கலந்தது போலிருக்கும். உப்புத் தண்ணீரில் நூல் மக்காமலிருக்க அப்படிச் செய்வார்கள். அந்த வாசனை என்னை எங்கோ கொண்டுபோய்விட, கத்தரிக்காயில்லாமல் வீடு வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வரிசை வீடுகளில் குடியிருந்தோம். எனக்குச் சாமான் கிடங்கில் வேலை. சங்கிலியோ கயிறோ கொக்கியோ எது வந்தாலும் இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டுப் பார்ப்போம். தாங்கினால் உள்ளே போகும், இல்லையென்றால் திரும்பிப் போகும். இந்த உலகத்தில் எதையும் அப்படிப் பிரித்துவிடலாம் என்று நான் நம்பிய காலம் அது. மிகைப்படுத்திப் பேச எனக்கு வராது. வரிசையில் ஏதாவது தகராறு என்றால், "அவரு பாத்தாரா? பாத்தாருன்னா சரி" என்பார்கள். அந்தப் பெயரைத்தான் ஒரு மீன் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிக் கிள்ளான் ஆற்றோரம் தூண்டில் போடப் போவேன். ஊருக்குக் கீழே, யாரும் பயன்படுத்தாத ஒரு மரத்துறை இருந்தது. கால்களில் சிப்பி படிந்து, பலகைகள் அங்கங்கே பெயர்ந்திருக்கும். கெளிறும் மடவையும் அகப்படும். அன்று பொழுது சாயும் நேரம். சாயக்கயிற்றின் ஒரு நுனியைத் துறையின் தூணில் கட்டியிருந்தேன். அது அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டிய கயிறு என்பதால் எனக்குக் கவலையே இல்லை.

கயிறு விறைத்தது. தூண் முனகியது. சற்றுத் தள்ளி ஆறு பிளந்து ஒரு கொடுவா மீன் மேலே எழும்பியது. எழும்பியது என்று எழுதிவிட்டேன். ஆனால் அது மேலே நின்றதுபோலத்தான் எனக்கு இருந்தது. என் மார்பளவு நீளம் இருக்கும். மேற்கு வெளிச்சத்தில் உடம்பு முழுவதும் வெள்ளித் தகடு, கண் மட்டும் ஊதிவிட்ட கரித்துண்டுபோல் சிவப்பு. தலையை இரண்டு பக்கமும் உதறியபோது செவுள்கள் தகரப் பெட்டியின் மூடிபோல் அடித்துக்கொண்டன. பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. கயிற்றை இழுத்துப் பார்த்தால் நுனி கத்திரியால் நறுக்கியதுபோல் இருந்தது. அந்த மீனின் செவுள்மூடி ஓரம் கத்திபோலக் கூர்மையானது என்று பிறகுதான் மீன்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ரயிலைத் தவறவிட்டு அங்கேயே நின்றிருந்தேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவியின் அண்ணன் வடிவேலு, எஞ்சினில் கரி தள்ளும் பயர்மேன், அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றை மென்றபடியே கேட்டார்.

"மாப்பிள, நீங்க பாத்தது மீனா, மெதந்து வந்த கட்டையா?"

மனைவியே சிரித்துவிட்டாள். மறுநாள் வரிசை முழுக்கப் பரவியது. யாராவது எதையாவது பெரிதாகச் சொன்னால், "கட்டையா?" என்பது வழக்கமாயிற்று. அதைவிட வலித்தது வேறு. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அதை நம்ப ஒரு ஆள் இல்லை. இன்னொரு ஜோடிக் கண்ணாவது அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

கிடங்குக்காரனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அறுந்ததா, அதைவிடத் தடித்ததைப் போடு. கயிற்றை இரட்டையாக முறுக்கினேன். முன்னால் சிக்னல் கம்பியில் ஒரு துண்டு. பட்டறை நண்பர் ஒருவர் அன்போடு தூண்டில் முள் அடித்துக் கொடுத்தார். அதில் ரயில் பெட்டியையே மாட்டலாம். எல்லாவற்றிலும் இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், பிரமாதமாகத் தாங்கியது. ஆற்றில் போட்டபோது இரையாகக் கோத்த மடவைக் குஞ்சு பாரம் தாளாமல் கல்லைப்போல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பல ஞாயிறுகள் எந்த மீனும் எட்டிப் பார்க்கவில்லை.

வழி பிறந்தது வடிவேலு மச்சானிடமிருந்து. அவருக்கே அது தெரியாது. ஒருநாள் சாப்பிடும்போது ஒரு டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். சரக்கு ரயிலை எடுக்கையில் அந்த ஆள் வெடுக்கென்று இழுத்ததில் பெட்டிகளை இணைக்கும் சங்கிலி தெறித்துவிட்டதாம்.

"பாரத்துல அறுந்துடாது மாப்பிள. வெட்டி இழுத்தாத்தான் அறுந்துரும்."

என் கை சோற்றிலேயே நின்றது. நான் தொங்கவிட்ட இரும்பு எதுவும் துள்ளியதில்லை, தலையை உதறியதில்லை.

மறுவாரமே எல்லாவற்றையும் மாற்றினேன். சீனன் கடையில் மெல்லிய பட்டுநூல், நீளமாக. அதைத் தூணில் கட்டாமல் கூடையில் சுருளாக விட்டேன். வளைந்து நிமிரும் மூங்கில் கழி. செவுள் உரசும் இடத்துக்கு மட்டும் சாண் நீளம் பித்தளைக் கம்பி. முள் சிறியது, ஆனால் நகத்தில் வைத்தால் வழுக்காத கூர்மை. மச்சானையும் கூப்பிட்டேன். "கட்டைய நானும் பாக்கறேன்" என்று சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்.

கடல் ஏற்றம் வற்றத்துக்குத் திரும்பும் நேரத்தில் நூல் கூடையிலிருந்து சரசரவென்று ஓடியது. ஓடவிட்டேன். விரல் எரிந்தது. அதே மீனா, வேறொன்றா, சொல்லத் தெரியவில்லை. அது எழும்பியபோது கழியைத் தாழ்த்தி நூலைத் தளரவிட்டேன். செவுள் அடிக்கும் சத்தம் கேட்டது. நூல் அறவில்லை. திரும்பி மச்சானைப் பார்த்தேன். தூக்கு கையிலிருந்து நழுவிச் சோறு பலகையில் கொட்டியிருந்தது. கோயிலில் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"விட்டுறாதீங்க மாப்பிள."

இருள் கவிவதற்குள் அது களைத்துத் துறையடிக்கு வந்து சாய்ந்தது. அப்போதுதான் உறைத்தது. நூலுக்கும் முள்ளுக்கும் அவ்வளவு யோசித்தவன், மீனை எதால் தூக்குவது என்று யோசிக்கவே இல்லை. மச்சான் பலகையில் குப்புறப் படுத்து, நான் தடுப்பதற்குள் வெறுங்கையைச் செவுளுக்குள் விட்டார். மீன் ஒருமுறை தலையைத் திருப்பியது, அவ்வளவுதான். முள் கழன்று கழி நிமிர்ந்தது. மீன் அவசரமில்லாமல் வால் அசைத்து இறங்கிப் போனது. மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஆழமாக, குறுக்கே ஒரே கோடு. ரத்தம் சொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வரிசையில் கதை சொன்னது அவர்தான். யாராவது சிரித்தால் கையை விரித்துக் காட்டுவார். ஆண்டுக்கு ஆண்டு மீன் வளர்ந்தது. "அவ்வளவு பெரிசு இல்ல மச்சான்" என்று நான் குறைப்பேன். "நீங்க தூரத்துல நின்னீங்க, நான்தான் தொட்டேன்" என்பார்.

அந்தத் துறையைப் பிடுங்கிவிட்டார்கள். ஈயச் சுரங்கத்து மண் வந்து சேர்ந்து துறையடியில் இருந்த மடு மேடாகிவிட்டது, வற்றத்தில் கொக்கு நடக்கிறது. மச்சான் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. உடலை எடுப்பதற்கு முன் அவர் வலது கையை விரித்துப் பார்த்தேன். வெள்ளையாக அந்தக் கோடு இருந்தது.

இன்று கயிற்றுக்கடைக்காரர், என்ன மீனுக்குக் கயிறு என்று கேட்டார். கைகளை அகட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார். விரித்துக் காட்ட இப்போது மச்சானின் கை இல்லை.