வெள்ளைக்காரர் வேனுக்கு அத்தை கட்டிய பேட்டரி

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வீட்டையே வேனுக்குள் வைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தது. கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, மூலையில் பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ். அதற்குள் இருந்தது அவர்கள் மகனுக்குத் தினமும் போடவேண்டிய இன்சுலின். அவனுக்கு என் வயதுதான். ஒரே வாரத்தில் பேட்டரி இரண்டு முறை செத்துவிட்டது. மூன்றாம் முறை வேன் எங்கள் மாமாவின் பேட்டரி சார்ஜ் கடை வாசலில் வந்து நின்றபோது, அந்தம்மாள் மருந்துக் குப்பிகளை ஈரத் துணியில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தாள்.

கடையில் பேசுவது மாமா. வேலை செய்வது அத்தை. ஆசிட் தெறித்துப் பொத்தல் விழாத புடவை அத்தையிடம் ஒன்றுதான் இருந்தது, கல்யாணங்களுக்குப் போய்வர.

"இன்னும் பெரிய லாரி பேட்டரியா போட்டுட்டா தீர்ந்துது" என்றார் மாமா.

"லாரி பேட்டரி குதிரை மாதிரிங்க, ஒரே தாவுதான். நாள் முழுக்க ஏர் இழுக்கணும்னா மாடு வேணும்" என்றாள் அத்தை.

கீழ்பென்னாத்தூரில் மைக் செட் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடம் தடித்த தகடு வைத்த ஆறு வோல்ட் பேட்டரிகள் இருப்பது அவளுக்குத் தெரியும். மாமா வாடகை வண்டியில் போய் நான்கு கொண்டுவந்தார். அத்தை கண்ணாடிக் குழாயால் ஒவ்வொன்றிலும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்து, இரண்டை ஒதுக்கினாள். அதில் ஒன்று நன்றாகத்தான் இருந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

"அது புதுசு. பழசோட சேர்த்தா ரெண்டும் கெட்டுடும். சோடி ஒண்ணாப் பொறந்ததா இருக்கணும்."

இரண்டையும் சார்ஜ் ஏற்றி, ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேர்த்துப் பன்னிரண்டு வோல்ட் ஆக்கினாள். மாமா எடுத்துத் தந்த ஒயரில் கொஞ்ச நேரம் கரண்டை ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. கழற்றி எறிந்துவிட்டு விரல் தடிமனில் வேறு போட்டாள். பேட்டரிப் புகை தூங்குகிறவர்கள் மூக்கில் ஏறாதபடி அவற்றைப் பலகைப் பெட்டியில் அடைத்து, வேனின் தரையில் துளை போட்டு வெளியே குழாய் விட்டாள். இஞ்சின் பேட்டரியைத் தனியாகப் பிரித்து, நடுவே ஒரு சுவிட்ச் வைத்தாள். வண்டி ஓடும்போது இவற்றுக்கும் சார்ஜ் ஏற அதைப் போட வேண்டும், நின்றதும் அணைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் எவ்வளவு குடித்தாலும் வண்டி கிளம்பும்.

கடைசி முனையை இறுக்கும் முன் மாமா பயந்துவிட்டார். "மாறிப்போச்சுன்னா ஃபிரிட்ஜே எரிஞ்சிடும்."

"மாறாது. தள்ளிக்குங்க."

ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அந்தம்மாள் அதன் உள்சுவரில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் குனிந்தே இருந்தாள். வெள்ளைக்காரர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமாவும் குலுக்கக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

நான்கு மாதம் கழித்து, வடக்கே எங்கிருந்தோ ஒரு கடிதம் வந்தது. உறைமேல் மாமாவின் பெயர் இல்லை. எப்போது கேட்டு எழுதிக்கொண்டாளோ, அந்தம்மாள் அத்தையின் பெயரை எழுதியிருந்தாள். ஃபிரிட்ஜ் ஒரு நாள்கூட நிற்கவில்லை, பையன் நலம் என்பதை என் ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அத்தை அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "உறை மேல எழுதியிருக்கறத இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். சேதியெல்லாம் உள்ளே இருக்க, விலாசத்தைப் போய்க் கேட்கிறாளே என்று எனக்கு அலுப்பாக இருந்தது. அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து, நான்காம் முறை உரக்கக் கத்திப் படித்தேன்.